சிறு கலமும் பெருங்கலமும்



நான் பிறந்து வளர்ந்த ஊர் நாவலூர். சென்னைக்குத் தெற்கே, மாமல்லபுரத்துக்குப் போகும் பழைய சாலையில் அது இருக்கிறது. சுந்தரர் பிறந்த திருநாவலூர் வேறு. அது உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் உள்ளது. கப்பல் பயணத்தைப் பற்றி வானொலியில் பேசப் போகிறேன் என்று சொன்னபோது, எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவன், "நம் ஊர்ப் பெயரில் நாவாய் இருக்கிறதா, ஐயா?" என்று கேட்டான். "நாவாய் இல்லை, தம்பி, நாவல் மரம்தான் இருக்கிறது" என்றேன். ஆனால் அவன் கேள்வி முற்றிலும் பிழையென்று தள்ளிவிடக் கூடியதன்று. எங்கள் ஊருக்குக் கிழக்கே நடந்து போகும் தொலைவில் பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்தக் கால்வாய்தான் எங்கள் ஊருக்கு நெடுஞ்சாலை. அதில் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கிருந்து கடல் கடந்து போனவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் பாட்டனார்.

அவர் 1937-ஆம் ஆண்டு தை மாதத்தில் மலேயாவுக்குப் புறப்பட்டார். ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. அப்போது என் தந்தையார் இரண்டு வயதுக் குழந்தை. கேளம்பாக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பும், கடற்கரைத் தோப்புகளிலிருந்து சவுக்கு விறகும் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகும் படகுகள் அந்நாளில் பல. அத்தகைய படகு ஒன்றில், விறகுக் கட்டுகளுக்கு நடுவே ஒரு பாயை விரித்துக்கொண்டு, அவர் முதல் பயணத்தைச் செய்தார். காற்று வாய்த்தபோது பாய்மரம், இல்லாதபோது கழி. அதுவும் போதாதபோது ஒருவர் கரையில் இறங்கிக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு படகை இழுத்து நடப்பார். மாலையில் ஏறினால் பொழுது விடியும்போது சென்னை. மறுநாள் துறைமுகத்தில் 'ரஜூலா' என்ற பெரிய கப்பலில் ஏறினார். ஆக, இரண்டு நாட்களுக்குள் சிறு கலத்தையும் பெருங்கலத்தையும் அவர் பார்த்துவிட்டார்.

இரண்டையும் பற்றி அவர் பிற்காலத்தில் என் பாட்டியிடம் சொன்னதை, அந்த ஆயா எனக்குச் சொல்லியிருக்கிறாள். "படகுல ஏறின உடனே படகுக்காரர் கேட்டது, 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' கப்பல்ல ஏறின உடனே கேட்டது, 'உன் நம்பர் என்ன?'" இவ்வளவுதான் அவர் சொன்னது. சிறிய கப்பலில் போவது நல்லதா, பெரிய கப்பலில் போவது நல்லதா என்று இன்று பலர் விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தின் பாதி இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். மற்றப் பாதியைத்தான் நான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

முதலில் அந்தக் கால்வாயின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். சென்னைக்கு வடக்கே எண்ணூர் வரையில் 1806-ஆம் ஆண்டு வெட்டப்பட்ட ஒரு சிறு கால்வாயிலிருந்து இது தொடங்கிற்று. வெட்டியவர் பேசில் காக்ரேன் என்ற வணிகர். பின்னர் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் நீட்டிக்கொண்டே போயிற்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை வாட்டியதல்லவா? அப்போது பசித்து வந்த ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காகச் சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. அந்நாளில் ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. கோமகன் பெயர் நிலைத்துவிட்டது; கஞ்சிக்காக மண் சுமந்தவர்கள் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. ஆந்திர நாட்டிலிருந்து மரக்காணம் வரையில் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடலை ஒட்டியே, கடலின் கொந்தளிப்புக்கு அஞ்சாமல், அரிசியும் உப்பும் விறகும் மனிதரும் இதில் போய்வந்தார்கள்.

பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகேறிச் சென்றார். அந்தப் பயணத்தை 'மாவலிபுரச் செலவு' என்ற பாடலாக்கியிருக்கிறார். படகுப் பயணத்தின் இன்பத்தைப் பாடியவர், அந்தப் படகைச் செலுத்த உழைத்தவர்களையும் மறக்கவில்லை. நீங்கள் அதைத் தேடிப் படிக்கவேண்டும். சிறு கலத்தில் உழைப்பு நம் கண்முன்னே நடக்கிறது. இழுப்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டே நாம் பயணம் செய்கிறோம். பெருங்கலத்திலும் உழைப்பு உண்டு. நிலக்கரி எரித்த காலத்தில் கப்பலின் அடிவயிற்றில் நெருப்புக்கு முன்னே நின்று வெந்தவர்கள் பலர். ஆனால் மேல்தளத்தில் உலாவியவர்கள் அவர்களைக் கண்டதில்லை. இது முதல் வேற்றுமை.

என் பாட்டனார் ஏறிய 'ரஜூலா' சாதாரணக் கப்பலன்று. 1926-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் மக்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் முதலிய துறைகளுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிற்று. அறைகளில் செல்வோர் நூற்றுக்கணக்கில்தான். மேல்தளங்களில் பாய் விரித்துச் செல்வோரோ தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர் ஏறலாம் என்று அனுமதி இருந்தது. ஒரு பெரிய கிராமமே மிதந்து போனதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1973-ஆம் ஆண்டில் அது கைமாறிப் பெயரும் மாறிற்று, விரைவில் உடைக்கவும்பட்டது. அதன் பின் 'சிதம்பரம்' என்ற கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மக்களைக் கொண்டு சென்றது. 1985-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நடுக்கடலில் அதில் நெருப்புப் பிடித்துப் பலர் மாண்டனர். விமானமும் மலிந்து வந்த காலம் அது. தமிழ்நாட்டு மக்கள் கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போகும் வழக்கம் அத்தோடு மறைந்தது.

அதற்குப் பிறகு கப்பல் வேறொரு வேடம் போட்டுக்கொண்டு வந்தது. முன்பு ஓர் ஊருக்குப் போகவேண்டும் என்பதற்காகக் கப்பலில் ஏறினார்கள். இப்போது கப்பலில் ஏறவேண்டும் என்பதற்காகவே ஏறுகிறார்கள். உல்லாசக் கப்பல் என்று அதற்குப் பெயர். 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியது. அந்த ஆண்டில் என் மகனும் மருமகளும் என்னையும் அதில் அழைத்துப் போனார்கள்.

அதன் நீளம் 211 மீட்டர். ஏறத்தாழ இரண்டாயிரம் பயணிகள் செல்லலாம். மாடிக்கு மேல் மாடி. ஏறி இறங்க மின்தூக்கிகள். நீந்தக் குளம் ஒன்று, நாடகம் பார்க்க அரங்கம் ஒன்று, விடிய விடியச் சாப்பாடு. கடலுக்கு நடுவே குளத்தில் குளிக்கும் விந்தையை என்னென்பது! கப்பல் நகர்கிறதா, நிற்கிறதா என்பதே தெரியவில்லை. மேசைமேல் வைத்த காப்பி சிந்தவில்லை. வயதானவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் எல்லாரும் கடலுக்கு நடுவே அச்சமில்லாமல் உலவியதைக் கண்டேன். என் மனம் மகிழ்ந்தது. பெருங்கலத்தின் பெருமை இதுதான். வலியவர்க்கே உரியதாயிருந்த கடலை அது மெலியவர்க்கும் உரியதாக்குகிறது.

ஆனால் வீடு திரும்பிய பிறகு ஒன்றை எண்ணிப் பார்த்தேன். இரண்டு இரவுகள் கடலில் இருந்தேனே, கடலை எவ்வளவு நேரம் பார்த்தேன்? கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரம்கூடத் தேறவில்லை. என்னோடு உணவு மேசையில் அமர்ந்தவர்கள் யார், எந்த ஊர்? தெரியாது. இது கப்பல்காரர்களின் குற்றமன்று. அவர்கள் குறையொன்றும் வைக்கவில்லை. நகரம் ஒன்றைத் தூக்கிக் கடலில் மிதக்கவிட்டால், நகரத்து வாழ்க்கையும் கூடவே மிதந்து வரத்தானே செய்யும்!

இனி என் சிறு கப்பல் அனுபவத்தைச் சொல்கிறேன். நாகப்பட்டினத்துக்கும் இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் 'செரியபாணி' என்ற சிறு கப்பல் ஓடத் தொடங்கியது. சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது; கப்பல் நின்றுவிட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் 'சிவகங்கை' என்ற கப்பல் அந்த வழியில் புறப்பட்டது. ஏறத்தாழ 150 பேர் அமரலாம். அதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடிற்று. அந்த ஆண்டில்தான் நான் அதில் ஏறினேன். இரு துறைகளுக்கும் இடையே ஏறத்தாழ 110 கிலோமீட்டர். நான்கு மணி நேரப் பயணம்.

கரையை விட்டு ஒரு மணி நேரம் ஆயிற்று. கடல் தன் கைவரிசையைக் காட்டத் தொடங்கியது. கப்பல் ஏறுகிறது, இறங்குகிறது, பக்கவாட்டில் சாய்கிறது. என் தலை சுற்றியது, வயிறு புரண்டது. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார், அறுபது வயதிருக்கும், தம் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தார். "ஐயா, கிட்டத்து அலையைப் பாக்காதேங்கோ. தூரத்தில வானமும் கடலும் முட்டுற இடத்தைப் பாருங்கோ" என்றார். அப்படியே செய்தேன், சற்று நேரத்தில் மயக்கம் தணிந்தது. நம் உள்காதில் உடலின் அசைவை உணரும் கருவி இருக்கிறது. அது 'ஆடுகிறோம்' என்கிறது. கப்பலின் உட்புறத்தைப் பார்க்கும் கண்ணோ 'ஆடவில்லை' என்கிறது. இந்த வழக்கில் சிக்கித்தான் மூளை தடுமாறுகிறது. தொலைவிலுள்ள அடிவானத்தைப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். அந்த அம்மையார் இதை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

"தொண்ணூறாம் ஆண்டு, மன்னார்ப் பக்கமிருந்து மீன்பிடி வள்ளத்தில வந்தனாங்கள். இரவு முழுக்கக் கடல். பக்கத்தில இருந்த கிழவர் ஒருத்தர் சொல்லித் தந்தவர். இரவில அடிவானம் எங்க தெரியும்? ஒரு நட்சத்திரத்தைக் காட்டினவர்" என்றார். போருக்குத் தப்பி வந்த அவர், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு தம் தமக்கையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள். கரை நெருங்கியபோது, யாரும் சொல்லாமலே, சன்னலோரத்தில் இருந்தவர்கள் எழுந்து அவருக்கு இடம் விட்டார்கள். அவர் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு, "பனை தெரியுது" என்று மட்டும் சொன்னார்.

மாணவர்களே, அந்தச் சொல்லை நான் பெரிய கப்பலில் இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். இரண்டாயிரம் பேருக்கு நடுவே அவரும் ஒருவராக, நானும் ஒருவனாக, எதிரெதிரே நடந்து போயிருப்போம். 'நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்ற கேள்வி சிறு கலத்தில் இன்றும் சாகவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இவ்வளவு சொன்னதனால் பெரிய கப்பலை நான் பழிப்பதாக எண்ணவேண்டா. கணக்கு தெரிந்த மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கப்பலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரு மடங்காக்கினால், அதன் கொள்ளளவு எட்டு மடங்காகிறது. தண்ணீரோடு உராயும் மேற்பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. ஆகவே, ஏற்றும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஆகும் உராய்வு பாதியாகிவிடும். பெரிய கப்பல் ஒரு டன் சரக்கை மலிவாகக் கொண்டுபோவதன் இரகசியம் இது. அலை விஷயமும் அப்படியே. நீண்ட கப்பல் ஒரே சமயத்தில் பல அலைகளின் முடிகள்மேல் கிடக்கிறது. ஆகையால் அதிகம் ஆடுவதில்லை. சிறு கப்பல் ஒவ்வொரு அலையையும் மலைபோல் ஏறி இறங்கவேண்டும். பருவக்காற்றுக் காலத்தில் நாகப்பட்டினத்துச் சிறு கப்பல் நின்றுவிடுவதன் காரணமும் இதுவே. நாள் தவறாமல், காற்றுக்கு அஞ்சாமல், நெடுந்தொலைவு செல்லவேண்டுமானால் பெருங்கலம்தான் வேண்டும்.

அப்படியானால் கப்பலை வளர்த்துக்கொண்டே போகலாமே என்று கேட்பீர்கள். போகிறார்கள்! 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்' ஏறத்தாழ 46,000 டன். 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற உல்லாசக் கப்பலோ 2,48,000 டன்னுக்கும் மேற்பட்டது. நீளம் 365 மீட்டர். இந்த டன் என்பது எடையன்று. கப்பலின் உள்ளிடத்தைக் கணக்கிடும் அளவு. அந்த ஒரு கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். இத்தனை பெரிய கலம் எந்தத் துறையில் ஒதுங்கும்? அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இதற்கு விடை தேட நாம் வெளிநாடு போகவேண்டியதில்லை. நம் சென்னையே சான்று சொல்லும். ஆங்கிலக் கம்பெனியாரின் பெரிய கப்பல்கள் சென்னைக்கு வந்த நாட்களில் இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையை விட்டுத் தொலைவில், ஆழக்கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கரையோரத்தில் மடிந்து விழும் பேரலைகளைக் கடந்துவர அவற்றால் முடியாது. பெரிய துரையானாலும், அவர் சீமாட்டியானாலும், அந்த மரக்கோட்டையிலிருந்து இறங்கி நம் மீனவர்களின் மசூலாப் படகில்தான் ஏறவேண்டும். அந்தப் படகில் ஆணி கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதினால் ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். அதையும் எடுக்க முடியாத கொந்தளிப்பில் கட்டுமரம் போகும். உலகைச் சுற்றிவந்த பெருங்கலம் கடைசிக் கல் தொலைவைக் கடக்க நம் கடற்கரை ஏழையின் சிறு கலத்தை நம்பி நின்றது!

பிறகு 1875-ஆம் ஆண்டின் இறுதியில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். 1881-ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மறுபடியும் கட்டினார்கள். பெருங்கப்பல் கரையை ஒட்டி வந்து நின்றது. ஆனால் நடந்தது என்ன? நம் கடற்கரையில் அலைகள் ஆண்டு முழுவதும் மணலைத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே. சுவர் அதைத் தடுத்தது. தடைப்பட்ட மணல் தெற்கே குவிந்து மெரினாக் கடற்கரை அகன்றது. மணல் வரத்து நின்றுபோனதால் வடக்கே இராயபுரம் முதலான இடங்களைக் கடல் அரித்தது. தெற்கே மாலை உலாவுக்கு மணல்வெளி கிடைத்தது. வடக்கே மீனவர்களின் குடிசைகள் கடலுக்குள் போயின.

இதிலிருந்து நான் கண்ட உண்மை ஒன்று. பெருங்கலம் உலகத்தைத் தனக்கேற்ப மாற்றச் சொல்கிறது. சிறு கலம் உலகத்துக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. அலைக்கேற்பத் தைத்த படகும், ஆழமில்லாத கால்வாய்க்கேற்ற தட்டையடிப் படகும் இதற்குச் சாட்சி. மசூலாப் படகு கரையை மாற்றவில்லை. அந்த விறகுப் படகு ஒரு மணற்குன்றையும் இடம் பெயர்க்கவில்லை.

பிற நாட்டாரும் இந்த உண்மையை மெல்ல மெல்ல உணர்ந்து வருகிறார்கள். இத்தாலி நாட்டு வெனிஸ் நகரம் நீரின்மேல் கட்டிய நகரம். அதன் நடுவே மலைபோன்ற உல்லாசக் கப்பல்கள் நுழைந்து பழங்கட்டடங்களின் அடித்தளத்தை அலைக்கழித்தன. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அந்த நடுக்கால்வாயில் வரக்கூடாது என்று அரசு தடுத்துவிட்டது. பனி மூடிய அண்டார்க்டிகாவில், ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் கப்பல்கள் பயணிகளைக் கரையிறக்கக் கூடாது. சிறு கப்பலிலிருந்தும் ஒரு சமயத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பெரிய கப்பலில் போகிறவர் பனிமலையைத் தொலைவிலிருந்து பார்த்துத் திரும்பவேண்டியதுதான். சிறு கப்பலில் போகிறவர் அந்த மண்ணில் கால் வைக்கலாம்.

நம் நாட்டிலேயே 'கங்கா விலாஸ்' என்ற கப்பல் 2023-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் காசியிலிருந்து புறப்பட்டது. கங்கையிலும் பிரம்மபுத்திராவிலும் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சென்று, 51 நாட்களில் அஸ்ஸாமிலுள்ள திப்ருகரை அடைவதாக அதன் பயணம் வகுக்கப்பட்டது. அதில் 36 பயணிகள்தாம் செல்லலாம். அது நீரில் அமிழும் ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஆகவே ஆற்றின் நடுவே உள்ள கிராமத்தின் படித்துறை வரையில் அது போகிறது. ஆனால் அதன் கட்டணமோ நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்க்கவும் முடியாதது! இதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். செலவைப் பங்கிட ஆட்கள் குறைவாக இருப்பதால், வசதிகள் மிகுந்த சிறு கப்பல் செல்வர்க்கே உரியதாகிவிடுகிறது. ஏழைக்கான சிறு கலம் வேண்டுமானால், ஊர்தோறும் நின்று செல்லும் பேருந்தைப் போல, அது நாள்தோறும் ஓடும் பொதுக் கலமாக இருக்கவேண்டும். என் பாட்டனார் ஏறிய விறகுப் படகு அத்தகையது.

வள்ளுவர் இடனறிதல் என்ற அதிகாரத்தில் தேரையும் நாவாயையும் எடுத்துக்காட்டியிருக்கிறார். ஒன்று ஓடும் இடத்தில் மற்றது ஓடாது. இதில் உயர்வு தாழ்வு இல்லை, இடம்தான் வேறு. கப்பலுக்கும் அதே நீதிதான். மலேயாவுக்குப் பெருங்கலம், நாவலூருக்குச் சிறு படகு. நம் முன்னோர் இரண்டையும் வைத்திருந்தார்கள். மிதவை, தெப்பம், கட்டுமரம், தோணி, ஓடம், படகு, கலம், வங்கம், நாவாய் என்று அளவுக்கும் இடத்துக்கும் ஏற்பப் பெயர் வைத்த மொழி நம்முடையது. நாமோ இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டோம்.

ஆம், அந்தக் கால்வாயைத்தான் சொல்கிறேன். சாலையில் லாரிகள் பெருகின. படகுகளுக்குச் சரக்குக் குறைந்தது. 1960-களிலும் 1970-களிலும் வீசிய புயல்கள் கால்வாயின் கரைகளைக் குலைத்தன. மண் தூர்ந்தது. சென்னை நகருக்குள் சாக்கடை அதில் கலந்தது. பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே ஊன்றப்பட்டன. 2008-ஆம் ஆண்டில் தேசிய நீர்வழி என்ற பெரிய பெயரும் அதற்குக் கிடைத்தது. பெயர் வந்தது; படகு வரவில்லை. இன்று நாவலூரில் வானளாவிய அடுக்கு வீடுகள் எழுந்திருக்கின்றன. அவற்றின் பத்தாவது மாடியிலிருந்து பார்த்தால் கால்வாய் ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். அந்தப் பச்சை, நீரை மூடிய ஆகாயத் தாமரை. அதற்கு அப்பால் முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் விடுமுறை நாட்களில் படகுச் சவாரி நடக்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் சவாரி அது.

கேளிக்கைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மழை மிகுந்தால் எங்கள் ஊரின் நீர் கடலுக்குப் போவது அந்த வழியாகத்தான். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை வந்தபோது, கரையேறிய நீரின் ஒரு பகுதியை இக்கால்வாய் வாங்கிக்கொண்டது என்று ஆராய்ந்தவர்கள் கூறியிருக்கிறார்கள். படகு ஓடும் கால்வாயை மக்கள் தூர்வாரி வைத்திருப்பார்கள். தன் வழி என்று காப்பார்கள். படகு போய்விட்டால் கால்வாய் யாருக்கும் உரியதன்று. பிறகு அது குப்பைக்கு உரியதாகிவிடுகிறது. சிறு கலம் செய்துவந்த காவலை அது போன பிறகுதான் நாம் உணர்கிறோம்.

என் பாட்டனார் கதையை நடுவில் விட்டுவிட்டேன். 1942-இல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. கடிதம் நின்றது, பணம் நின்றது. அவர் இருக்கிறாரா இல்லையா என்பதே ஆயாவுக்குத் தெரியாது. போர் முடிந்து 1946-ஆம் ஆண்டில் ஒரு கப்பலில் அவர் சென்னை வந்து சேர்ந்தார். அந்தக் கப்பலை ஓட்டிவந்தவர் முகத்தை அவர் பார்த்ததில்லை. மறுபடியும் கால்வாய்க் கரைக்கு வந்து, தெற்கே போகும் படகில் ஏறினார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவரைக் கொண்டுவந்து விட்ட படகுக்காரர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான். "நீங்க யார் வீட்டுப் பிள்ளைங்க?" என்று கேட்டான். பாட்டனார் சொன்னார். இழுப்பதை நிறுத்திவிட்டு அவன் திரும்பிப் பார்த்தானாம். "எங்க அப்பா சொல்லியிருக்காருங்க. 'நாவலூர்ப் பிள்ளை ஒண்ணைக் கப்பலுக்கு ஏத்திவிட்டேன். திரும்பி வந்தா நம்ம படகுலதான் கொண்டுபோய் விடணும்'னு."

விடியற்காலையில் ஊர்க்கரை நெருங்கியபோது, படகைக் கழிக்காரரிடம் விட்டுவிட்டு, அவன் முன்னே ஓடினான். பாட்டனார் படகிலிருந்து இறங்குமுன்பே, பதினொரு வயதுச் சிறுவனான என் தந்தையார் கரையில் வந்து நின்றார். தகப்பன் முகம் அவருக்கு நினைவில்லை. படகில் இருந்தவர்கள் நால்வர். அவர்களில் தம் தந்தை யார் என்று தெரியாமல் அவர் விழித்தார். அந்தப் படகுக்காரர் மகன்தான் கையைக் காட்டினான்.

மாணவர்களே, வாய்ப்புக் கிடைத்தால் பெரிய கப்பலில் போய் வாருங்கள். அது மனித அறிவின் பெருஞ்சாதனை. ஆனால் அதற்கு முன்னே ஒரு நாள், உங்கள் ஊர்க் கால்வாயின் கரையில், உங்கள் ஊர் ஆற்றின் கரையில், ஒரு கல் தொலைவு நடந்து பாருங்கள். அங்கே படகு ஓடியதா, அது எங்கே போயிற்று, யார் இழுத்தார்கள் என்று முதியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்டுவைத்தது இவ்வளவுதான். கேட்கத் தவறியது ஒன்று உண்டு. கையைக் காட்டிய அந்தப் பிள்ளையின் பெயர். ஆயாவுக்குத் தெரிந்திருக்கும்; நான் கேட்கவில்லை.